பர்மாவில் நடப்பதை உலகம் கண்டித்தால் மட்டும் போதுமா? நம் செட்டிநாட்டு ஆட்கள் பேச வேண்டிய விஷயம்

கோட்டையூரான் எழுதியது:

2021 ஜூன் 18 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பர்மா ராணுவ ஆட்சியைக் கண்டித்து ஒரு தீர்மானம் வந்தது. 119 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டுப் போட்டது பெலாரஸ் மட்டும். 36 நாடுகள் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டன. அந்த 36இல் நம் நாடும் உண்டு. அடுத்த வருஷம் டிசம்பரில் பாதுகாப்புச் சபையில் 2669ஆம் தீர்மானம் வந்தபோதும் இதே கதைதான். 12 நாடுகள் ஆதரவு. சீனா, ரஷ்யா, இந்தியா மூன்றும் ஒதுங்கின. அதற்கு ஐந்து மாதம் முன்னால், 2022 ஜூலையில், 1988 மாணவர் போராட்டத் தலைவர் கோ ஜிம்மி, முன்னாள் எம்.பி. ஃபியோ ஸேயா தோ உட்பட நாலு பேரைத் தூக்கில் போட்டுவிட்டு ஊருக்கு அறிவித்திருந்தது பர்மா ராணுவம்.

முன்னாள் கைதிகளே சேர்ந்து 2000த்தில் தொடங்கிய அரசியல் கைதிகள் உதவிச் சங்கம் தாய்லாந்து எல்லையில் இருந்துகொண்டு பெயர் பெயராகக் கணக்கெடுத்து வருகிறது. அவர்கள் கணக்கில் 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு கொல்லப்பட்டவர்கள் 6,000 பேருக்கு மேல்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஷான் டர்னல் என்ற பெயரை நம் பக்கத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? சிட்னியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். பர்மாவில் நம் நகரத்தார், அதாவது செட்டியார்கள், செய்த லேவாதேவியை (வட்டித் தொழிலை) வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். வட்டிக்கொள்ளைக்காரர்கள் என்று ஒரே அடியாக எழுதிவைத்திருந்த பழைய நூல்களை மறுத்து, ஐராவதி டெல்டாவைக் கழனியாக்க முதல் போட்டவர்கள் இவர்கள்தான் என்று ஆதாரத்தோடு நிறுவியவர். பின்னால் தேர்தலில் ஜெயித்து பர்மா ஆட்சியை நடத்திய ஆங் சான் சூ சிக்குப் பொருளாதார ஆலோசகர் ஆனார். புரட்சி நடந்த சில நாளிலேயே அவரைப் பிடித்தார்கள். அரசு ரகசியச் சட்டத்தில் மூன்று வருஷத் தண்டனை. 650 நாள் சிறையில் இருந்து 2022 நவம்பரில் வெளியே வந்தார். நம் ஐயாக்களின் பேரேட்டை நியாயத்தோடு படித்த ஒரு மனிதர் இன்ஸேன் சிறையில் கிடந்தபோது காரைக்குடியில் ஒரு சின்னக் கூட்டம்கூட நடக்கவில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். கண்டனத் தீர்மானம் வீண் இல்லை. ஆனால் அடக்குகிறவனின் அடிமடியில் கைவைக்காத கண்டனமும், தப்பி வருகிறவனுக்குக் கதவு திறக்காத கண்டனமும் வெறும் வாய்ப்பந்தல். இந்த இரண்டிலும் நம் நாடு எங்கே நிற்கிறது என்று பேசுவோம்.

மேலவீதி67 எழுதியது:

அண்ணே, நீங்க சொல்ற கணக்கை நான் மறுக்கல. ஆனா மனசு ஒப்பல.

எங்க ஐயா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு லேவாதேவிக் கடையில் கணக்குப் பார்த்தவர். 1964இல் கப்பலேறி மெட்ராஸில் வந்து இறங்கினப்போ குடும்பத்துக்கே ஒரு டிரங்குப் பெட்டிதான். ஏறுமுன்னே சோதனையில் அப்பத்தாவோட தோட்டைக் கழட்டி வாங்கிக்கிட்டாங்க. காது ஓட்டை அப்படியே தூர்ந்துபோச்சு, கடைசிவரை அவங்க மறுபடி குத்திக்கவே இல்லை. இடத்துக்கும் கடைக்கும் நட்டஈடுன்னு ஐயா எழுதிப் போட்ட மனு நகலெல்லாம் இன்னும் இரும்புப் பெட்டகத்தில் இருக்கு. ஒரு பைசா வரல. அப்போ எந்த ஐ.நா. எங்களுக்காகத் தீர்மானம் போட்டது? மூணு லட்சம் இந்தியர்களை வெறுங்கையோட விரட்டினப்போ எந்த நாடு பர்மாவோட வியாபாரத்தை நிறுத்துச்சு?

இன்னைக்கு அந்த ஊர் ஜனங்க கஷ்டப்படுறாங்கன்னா மனுஷனா வருத்தம் உண்டு. அதுக்குன்னு நாம கொடி பிடிக்கணுமான்னு கேக்குறேன்.

ஆத்தங்குடிப் பொண்ணு எழுதியது:

மேலவீதி அண்ணா, உங்கள் அப்பத்தாவின் காதைப் பற்றிப் படித்ததும் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஐயாவைக் கப்பலேற்றியது யார்? 1962 மார்ச் 2 அன்று ஆட்சியைப் பிடித்த நே வின். அதே நே வின் அந்த வருஷம் ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நம் கடைக்காரர்களின் சேமிப்பு மட்டுமா போனது? பர்மியக் குடியானவனின் மடிப்பணமும் சேர்ந்துதான் போனது. 1987இல் மறுபடி அதையே செய்தார்கள். மாணவர்களின் படிப்புச் செலவுப் பணம் ஒரே ராத்திரியில் காகிதமானது. அந்தக் கோபம்தான் மறு வருஷம் ஆகஸ்ட் 8 அன்று தெருவுக்கு வந்தது. சுடப்பட்டவர்கள் 3,000 பேர் இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. உங்கள் ஐயாவுக்கு அநியாயம் செய்ததும் அந்தப் பிள்ளைகளைச் சுட்டதும் ஒரே கை.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. ராணுவம் வரும் முன்பே அங்கே நம்மேல் கசப்பு இருந்தது. 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் நம் கைக்கு வந்தது. நம் ஆட்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. ரொக்கம் வந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பார்கள். ஆனால் நிலத்தை இழந்த குடியானவனுக்கு அந்த விளக்கம் எதற்கு? எங்கள் வீட்டு வளவுத் (முற்றத்து) தூண் அத்தனையும் பர்மாத் தேக்கு. கல்யாணத்துக்குக் கவுனி அரிசி இல்லாமல் எங்கள் வீட்டில் நடந்ததில்லை, அந்த அரிசியும் அங்கிருந்து வந்ததுதான். அந்த மண்ணோடு நமக்குக் கணக்கு இன்னும் முடியவில்லை, இரண்டு பக்கமும்.

1962இல் உலகம் என்ன செய்தது என்ற கேள்விக்குப் பதில்: அநேகமாக ஒன்றுமில்லை. அப்போது ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்ததே ஒரு பர்மியர், ஊ தாண்ட். 1974இல் அவர் உடல் ரங்கூன் வந்தபோது அரசு மரியாதைகூடத் தரவில்லை. மாணவர்கள் சவப்பெட்டியைக் கைப்பற்றிக்கொண்டுபோய்ப் பல்கலைக்கழக வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். ராணுவம் உள்ளே புகுந்து உடலைத் தோண்டி எடுத்தது.

தேவகோட்டை வக்கீல் எழுதியது:

இந்தியா எப்போதுமே ஒதுங்கியிருந்தது என்று இளைய பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அதற்காக இதை எழுதுகிறேன்.

பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்பது நம் கொள்கை என்கிறார்கள். ஆனால் இனவெறிச் சட்டத்துக்காகத் தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை முறித்துக்கொண்ட முதல் நாடு இந்தியா. வருஷம் 1946. நமக்குச் சுதந்திரமே வந்திருக்கவில்லை. அந்த வியாபாரத்தில் நமக்கு நஷ்டம் இருந்தது, தெரிந்தேதான் செய்தார்கள்.

பர்மாவிலும் 1988இல் நம் அரசு வேறு மாதிரி நடந்தது. ராஜீவ் காந்தி பிரதமர். ரங்கூனில் இருந்த நம் தூதரகம் போராட்டக்காரர்கள் பக்கம் நின்றது. ஆகாசவாணியின் பர்மிய மொழி ஒலிபரப்பு ராணுவத்தை வெளுத்து வாங்கியது. எல்லை தாண்டி ஓடிவந்த மாணவர்களுக்கு மணிப்பூரிலும் மிசோரமிலும் முகாம் போட்டுக் கொடுத்தோம். 1990 தேர்தலில் சூ சியின் கட்சி 392 இடங்களில் ஜெயித்தும் ராணுவம் ஆட்சியை விடவில்லை. 1993ஆம் வருஷத்துக்கான நேரு விருதை இந்தியா அவருக்கு அறிவித்தது.

ஆனால் அதே 1993இல்தான் வெளியுறவுச் செயலாளர் ஜே.என். தீட்சித் ரங்கூன் போய் ராணுவத்தோடு பேச்சைத் தொடங்கினார். காரணங்கள் பொய்யானவை அல்ல. வடகிழக்குத் தீவிரவாதிகளின் முகாம்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தன. சீனா அங்கே ரோடும் துறைமுகமும் போட ஆரம்பித்திருந்தது. பின்னால் எரிவாயுவும் சேர்ந்தது. விளைவு எங்கே போய் நின்றது என்றால், 2007 செப்டம்பரில் பிக்குகள் ஆயிரக்கணக்கில் ராணுவத்தை எதிர்த்து வெறுங்காலோடு ரங்கூன் தெருவில் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் நம் பெட்ரோலிய அமைச்சர் முரளி தேவ்ரா புதுத் தலைநகர் நேபிடாவில் உட்கார்ந்து எரிவாயு ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார். 2021 மார்ச் 27 ராணுவ அணிவகுப்புக்குப் பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் நாமும் ஒன்று. அன்று ஒரே நாளில் 100 பேருக்கு மேல் தெருவில் சுட்டுக் கொன்றார்கள்.

நான் அரசாங்கத்தின் கஷ்டத்தை உணராதவன் இல்லை. 1,643 கிலோமீட்டர் எல்லையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்து ஆட்சியோடு பேசாமல் இருக்க முடியாது. பேசுவது வேறு, அணிவகுப்புக்குப் போய் நிற்பது வேறு.

புதுவயல் எழுதியது:

வக்கீல் அண்ணனுக்கு வணக்கம். பொருளாதாரத் தடை போட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நான் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவன், அதனால இது எனக்குத் தெரிஞ்ச விஷயம்.

2003 மே 30, தெபாயினில் சூ சியோட வண்டிகளை மறிச்சு, கூட வந்தவங்களை அடிச்சுக் கொன்னாங்க. அதுக்குப் பதிலா அமெரிக்கா பர்மாச் சரக்கு எதையும் இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு சட்டம் போட்டது. யாருக்கு அடி? ரங்கூன் ஓரத்து தையல் ஆலைகளில் உட்கார்ந்திருந்த பொண்ணுங்களுக்கு. பல்லாயிரம் பேர் வேலை போச்சு. கிராமத்துக்குப் பணம் அனுப்பிக்கிட்டிருந்த பிள்ளைங்க அதுங்க. அதே நேரம் யடானா கடல் எரிவாயு குழாய் வழியா தாய்லாந்துக்குப் போய்க்கிட்டே இருந்தது. அதில் பங்கு வெச்சிருந்த அமெரிக்க கம்பெனியைப் பழைய முதலீடுன்னு சொல்லி விட்டுட்டாங்க. ஏற்றுமதி ஆர்டர் திடீர்னு நின்னா ஆலையில் என்ன நடக்கும்னு நான் பார்த்திருக்கேன். முதல் நாள் ஓவர்டைம் போகும், மறு வாரம் ஷிப்ட் போகும், அப்புறம் ஹாஸ்டல் சோத்துக்குக் காசு பிடிப்பாங்க. முதலாளி வேற தொழிலுக்குப் போயிடுவார். தையல் மிஷின் முன்னாடி இருந்தவளுக்கு வேற தொழில் கிடையாது.

சிங்கைவாசி எழுதியது:

புதுவயல் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அதிலிருந்து தடையே கூடாது என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. தடை எங்கே விழ வேண்டும் என்பதுதான் கேள்வி. நான் சிங்கப்பூரில் வங்கியொன்றில் வர்த்தகக் கடன் ஆவணங்கள் பார்க்கும் பிரிவில் இருந்தவன், இப்போது ஓய்வு.

2023 மே மாதம் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் ஒரு கணக்கு வெளியிட்டார். புரட்சிக்குப் பிறகு பர்மா ராணுவம் வாங்கிய ஆயுதமும் அதற்கான பொருள்களும் 100 கோடி டாலர். ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரிலிருந்து 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி, தாய்லாந்திலிருந்து 2.8 கோடி. சிங்கப்பூர் அரசு அனுமதித்த வியாபாரம் அல்ல அது. இங்கே பதிவான சின்னச் சின்ன கம்பெனிகள், இங்கே உள்ள வங்கிக் கணக்குகள். சிங்கப்பூர் விசாரணையைத் தொடங்கியது. மறு வருஷ அறிக்கையில் இங்கே பதிவான கம்பெனிகளின் பங்கு வருஷத்துக்குச் சுமார் 11 கோடி டாலரிலிருந்து 1 கோடிக்குச் சுருங்கிவிட்டது. ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு தையல்காரப் பெண்ணின் வேலையும் போகவில்லை.

இது நடைமுறையில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு எல்.சி., அதாவது இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் பண உத்தரவாதக் கடிதம், மேஜைக்கு வருகிறது. பொருள் என்ற இடத்தில் இயந்திர உதிரி பாகம் என்று இருக்கும். எடையையும் விலையையும் வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு வருகிற தொகை டிராக்டர் பாகத்துக்குப் பொருந்தாது. வாங்குகிற கம்பெனியின் முகவரி ரங்கூனில் ஒரு அடுக்குமாடி வீடு. இயக்குநர் பெயரைத் தேடினால் வேறு இரண்டு கம்பெனியிலும் அதே பெயர், அவற்றில் ஒன்று ஏற்கனவே தடைப்பட்டியலில். மேலிருந்து கேட்பார்கள் என்ற பயம் இருந்தால் அந்தக் காகிதத்தை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு நாலு கேள்வி எழுதி அனுப்புவோம். அநேகமாக பதில் வராது. வியாபாரம் அதோடு நின்றுவிடும். அந்தப் பயம் இல்லாவிட்டால் சீல் விழுந்து போய்விடும். உலக நாடுகளின் கண்டனம் என்பது கடைசியில் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு நாலு கேள்வி கேட்கும் தைரியத்தைக் கொடுக்கிறதா இல்லையா என்பதுதான்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். அதே ஒரு வருஷத்தில் தாய்லாந்தில் பதிவான கம்பெனிகள் வழியாகப் போனது 6 கோடியிலிருந்து 12 கோடியாக இரட்டித்தது. ஒரு வாசலை மூடினால் அடுத்த வாசல். ஆனால் அதிகாரப்பூர்வ வங்கிகள் வழியாக நடந்த கொள்முதல் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் (வட்டிக்கடைக் கூடத்தில்) பெட்டியடி போட்டு உட்கார்ந்திருந்த நம் பெரியவர்களும் இதைத்தான் செய்தார்கள். பணம் யாரிடம் போகிறது, எதற்குப் போகிறது என்று கேட்காமல் முதலைக் கொடுக்க மாட்டார்கள்.

கோட்டையூரான் எழுதியது:

சிங்கைவாசி அண்ணனுக்கு நன்றி. நான் தேடிக்கொண்டிருந்த விஷயமே இதுதான்.

தென்னாப்பிரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. பல வருஷம் தீர்மானங்கள் போட்டார்கள். 1985 ஜூலையில் சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க மாட்டேன் என்றது. மற்ற வங்கிகளும் பின்னாலேயே போயின. சில வாரத்தில் தென்னாப்பிரிக்க அரசு கடன் தவணையைக் கட்ட முடியாது என்று அறிவிக்க வேண்டி வந்தது. அந்த வங்கிக்குத் திடீரென்று இரக்கம் பிறந்துவிடவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் தேவாலயங்களிலும் மாணவர்களும் சாதாரண ஜனங்களும் கொடுத்த நெருக்கடி தாங்காமல்தான். வெளியூர் ஆட்களின் குரலுக்கு மதிப்பு உண்டு என்று நான் நம்புவதற்கு அதுவே காரணம்.

பர்மா ராணுவத்துக்கு அந்நியச் செலாவணி அதிகம் வருவது எரிவாயுவில். மியான்மர் எண்ணெய், எரிவாயு நிறுவனம் என்று ஒரு அரசு கம்பெனி, பணம் எல்லாம் அதன் வழியாகத்தான். அதோடு கூட்டு வைத்திருந்த பிரெஞ்சுக் கம்பெனி டோட்டாலும் அமெரிக்கக் கம்பெனி செவ்ரானும் 2022 ஜனவரியில் வெளியேறுவதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியம் அந்த பிப்ரவரியிலேயே அந்த அரசு கம்பெனிமேல் தடை போட்டது. அமெரிக்கா 2023 அக்டோபரில்தான் அதற்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்றது, அதுவும் பாதித் தடை. 2003இல் தையல்காரிமேல் பாய்ந்த சட்டம் எரிவாயுக் கிணற்றுப் பக்கம் வர இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

நம் பங்கு? அராக்கான் கடலோரத்து ஷ்வே எரிவாயு வயலில் ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு 17 சதவீதம், கெயிலுக்கு 8.5 சதவீதம். இரண்டும் பொதுத்துறை நிறுவனங்கள், அதாவது உங்கள் பணமும் என் பணமும். அந்த எரிவாயு குழாய் வழியாகச் சீனாவுக்குப் போகிறது. ஆயுதக் கணக்கில் நம் பக்கத்து 5.1 கோடி டாலரிலும் அரசு நிறுவனங்கள் உண்டு.

பிச்சாவரம் ராணி எழுதியது:

செட்டிநாட்டில் வாழ்க்கைப்பட்டு வந்தவள், இழையில் குறுக்கிடலாமா தெரியவில்லை. ஒரு கேள்வி மட்டும். ஆங் சான் சூ சிக்கு 1991இல் நோபல் கொடுத்தார்கள். ரோஹிங்கியா முஸ்லிம்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் 2017இல் விரட்டப்பட்டபோது அவர் ராணுவத்தைக் கண்டித்து வாய் திறக்கவில்லை. 2019 டிசம்பரில் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் நின்று ராணுவத்துக்காக வாதாடினார். அதே ராணுவம்தான் 2021இல் அவரைப் பிடித்து உள்ளே வைத்தது. இப்படிப்பட்டவருக்காக உலகம் ஏன் மறுபடி குரல் கொடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ஆத்தங்குடிப் பொண்ணு எழுதியது:

தாராளமாக எழுதுங்கள் ஆச்சி. உங்கள் வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி.

ஒரு நாட்டின் போராட்டம் முழுவதையும் ஒரே முகத்தில் ஏற்றிவைத்தது உலகம் செய்த பிழை. 2018இல் கனடா கௌரவக் குடியுரிமையைப் பறித்தது, அம்னெஸ்டி விருதைத் திரும்பப் பெற்றது. ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் அவர் நடந்துகொண்டதற்கு அது தகும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் விருது கொடுத்தபோதும் பறித்தபோதும் பேச்சு அவரைச் சுற்றியே இருந்தது. அவர் ஆட்சி நடந்த காலத்திலேயே வா லோன், கியாவ் ஸோ ஊ என்ற இரண்டு ராய்ட்டர்ஸ் நிருபர்கள் ரோஹிங்கியா படுகொலை ஒன்றைத் துப்பு துலக்கியதற்காக 500 நாளுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். இருவரும் பர்மியர்கள். உலகப் பத்திரிகைகள் விடாமல் எழுதின, 2019 ஏப்ரலில் அவர்கள் செய்திக்குப் புலிட்சர் கிடைத்தது, மே மாதம் விடுதலை ஆனார்கள். பேர் சொல்லிக் கேட்டால் சிறைக்கதவு சில சமயம் திறக்கிறது. அதனால்தான் அந்தக் கைதிகள் சங்கம் ஒவ்வொரு பெயராக எழுதிவைக்கிறது. சூ சிக்காகக் குரல் கொடுக்கப் பிடிக்காதவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு செவிலிக்காகவோ ஒரு பள்ளி வாத்தியாருக்காகவோ கொடுக்கலாம்.

மோரேக்காரன் எழுதியது:

பூர்வீகம் பள்ளத்தூர் பக்கம், பிறந்தது வளர்ந்தது மணிப்பூர் மோரே. எங்க தாத்தா 60கள்ல பர்மாவிலிருந்து கப்பலில் வந்து, இங்கே பிழைக்க முடியாம, நடந்தே திரும்பிப் போகலாம்னு எல்லைவரைக்கும் போனவர். அந்தப் பக்கம் விடல. மோரேயிலேயே தங்கிட்டார். அப்படித் தங்கின தமிழ்க் குடும்பங்கதான் அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டினது. கோபுரத்தடியில் நின்னு பார்த்தா பர்மா தெரியும். அந்தப் பக்கத்து தமு ஊர்ச் சந்தைக்கு நடந்தே போய் வந்துக்கிட்டிருந்தோம்.

நீங்க எல்லாரும் ஓட்டு, வங்கின்னு பேசுறீங்க. எனக்கு கண்ணுல நிக்கிறது வேற. 2021 மார்ச் 10ஆம் தேதி உள்துறை அமைச்சகத்திலிருந்து நாலு எல்லை மாநிலத்துக்குக் கடிதம் வந்தது, வர்றவங்களைத் தடுங்க, திருப்பி அனுப்புங்கன்னு. மணிப்பூர் அரசு மார்ச் 26இல் ஒரு உத்தரவு போட்டது: முகாம் திறக்கக் கூடாது, சாப்பாடு போடக் கூடாது, வந்தா நயமாச் சொல்லித் திருப்பி அனுப்பணும். ஊரே கொதிச்சது, மூணு நாளில் வாபஸ் வாங்கினாங்க. மிசோரம் முதல்வர் ஜோரம்தங்கா மட்டும் பிரதமருக்கே எழுதினார், இவங்க எங்க ரத்தம், எங்களால் திருப்பி அனுப்ப முடியாதுங்கிற மாதிரி. அங்கே 30,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தாங்க. சர்ச்சுல உலை வெச்சாங்க, ஊர்ச் சங்கம் வீடு வீடா அரிசி வாங்கிச்சு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கிட்டாங்க. ஐ.நா.வில் ஒதுங்கின அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது.

2022 ஜூலையில் எங்க ஊர்த் தமிழ்ப் பையன்கள் ரெண்டு பேரைத் தமுவில் சுட்டுக் கொன்னாங்க. தினமும் போய் வந்த ஊரு அது. எல்லையில் சுதந்திரமா போய்வர்ற முறையை ரத்து பண்றதா 2024 பிப்ரவரியில் அறிவிச்சுட்டாங்க, வேலியும் வருது. ஓடிவர்றவன் இனிமே எந்த வழியா வருவான்?

மேலவீதி67 எழுதியது:

மோரே தம்பி, உங்க தாத்தா நடந்துபோன கதையை எங்க ஐயா சொல்லிக் கேட்டிருக்கேன். அந்தக் கப்பலில் வந்த சிலர் திரும்பப் போனாங்கன்னு சொல்வார். என்ன ஆனாங்கன்னு அவருக்குத் தெரியாது.

என் நிலை இது. ஓடிவர்றவனைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு நீங்க மனு எழுதினா முதல் கையெழுத்து நான் போடுறேன். திருப்பி அனுப்பப்படுறது என்னன்னு எங்க குடும்பத்துக்குத் தெரியும். ஓ.என்.ஜி.சி. வெளியேறணும்கிறதில் எனக்குச் சம்மதம் இல்லை. நாம விட்டுட்டுப் போனா சீனாக்காரன் வாங்கிப்பான், பணம் ராணுவத்துக்குத்தான் போகும். நட்டஈட்டுக் கோரிக்கையும் மனுவில் வரணும். நாளைக்கு அங்கே ஜனநாயக அரசு வந்தா அவங்ககிட்ட நாம கேக்கணும், கேக்காம விட முடியாது.

சிங்கைவாசி எழுதியது:

மேலவீதி அண்ணே, பங்கை விற்றுவிட்டுப் போகச் சொல்லவில்லை. லாபப் பணத்தை ராணுவம் தொட முடியாத தனிக் கணக்கில் நிறுத்திவைக்கச் சொல்லலாம். புரட்சிக்குப் பிறகு சூ சி தரப்பு எம்.பி.க்கள் எரிவாயுக் கம்பெனிகளிடம் கேட்டதும் அதைத்தான். பங்கும் நம்மிடம் இருக்கும், காசும் துப்பாக்கிக்குப் போகாது. கம்பெனிகள் ஒப்பந்த மீறல் ஆகிவிடும் என்று மறுத்தன. அரசுகள் சேர்ந்து தடை என்று சொன்னால் அந்தச் சாக்குக்கு இடம் இல்லை. அதனால்தான் நம் அரசைக் கேட்க வேண்டியிருக்கிறது.

தேவகோட்டை வக்கீல் எழுதியது:

மனு என்று பேச்சு வந்துவிட்டதால் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அதைக் காட்டித்தான் அதிகாரிகள் கையை விரிப்பார்கள். ஆனால் 2021 மே 3 அன்று மணிப்பூர் உயர்நீதிமன்றம் மோரேயில் ஒளிந்திருந்த பர்மியர் ஏழு பேர் டெல்லி சென்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அணுகப் பாதுகாப்பாக அனுப்பிவைக்கும்படி உத்தரவிட்டது. அவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பப்படாமல் இருக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள்ளேயே அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு பார்த்தது. 21ஆம் பிரிவு குடிமகனுக்கு மட்டும் சொன்னதல்ல, இந்த மண்ணில் நிற்கும் எந்த மனிதனுக்கும். மனுவின் முதல் பத்தியில் இதை வையுங்கள். எரிவாயுப் பணமும் ஆயுத விற்பனையும் இரண்டாவது. நட்டஈட்டைத் தனி மனுவாகப் போடுவதே நல்லது. ஒன்றாகப் போட்டால் நமக்கு வேண்டியதற்காக அவர்களை இழுத்தோம் என்று ஆகிவிடும்.

மேலவீதி67 எழுதியது:

தனி மனுன்னா சரி. ரெண்டிலும் போடுறேன்.

கோட்டையூரான் எழுதியது:

வக்கீல் அண்ணன் சொன்ன வரிசையிலேயே வரைவு எழுதுகிறேன். சிங்கைவாசி அண்ணன் தனிக் கணக்கு விஷயத்தை ஒரு பத்தியாக எழுதி அனுப்பினால் அப்படியே சேர்த்துவிடலாம். ஆத்தங்குடித் தங்கச்சி, கைதிகள் சங்கப் பட்டியலிலிருந்து வாத்தியார்களின் பெயர்களை மட்டும் எடுத்துத் தர முடியுமா? நம் ஊர் ஆசிரியர் சங்கத்தில் எனக்குப் பழக்கம் உண்டு. பெயரோடு போய்க் கேட்டால் கையெழுத்துப் போடுவார்கள். மோரே தம்பி, முகாமில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் பாடப்புத்தகம் கிடைத்ததா என்று விசாரித்துச் சொல்லுங்கள், அதற்கு மனு தேவையில்லை. வரைவை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன். எம்.பி. அலுவலகத்தில் நேரில் கொடுக்கும்போது நாலு பேராவது கூட வர வேண்டும்.

ஆத்தங்குடிப் பொண்ணு எழுதியது:

எடுத்துத் தருகிறேன் அண்ணா. ஊரும் வயசும் சேர்த்து எழுதுகிறேன். நானும் வருகிறேன்.